வாத்தின் சட்டியும் என் புதுப் பென்சிலும்

வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கிற யார்ட் சேலில் அப்பா வாங்கி வந்த பழைய வீடியோ கசெற் ஒன்றில் அந்தக் கார்ட்டூன் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுத்த படம், சில நிமிடம்தான் ஓடும். ஒரு குருவி, ஒரு வாத்து, ஒரு ஆந்தை, மூன்றும் இணைபிரியாத சிநேகிதர்கள். விமானம் மாதிரி இரைந்துகொண்டு பருந்து வரும். சைரன் ஊதும். உடனே மூன்றும் சட்டிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒன்றையொன்று முட்டி விழுந்து ஓடும். வாத்தின் தலையில் சட்டி இறுகிக் கழலாமல் நிற்கும். ஏழு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பகிடி இந்த உலகத்தில் இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாமா குடும்பம் இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டிலேயே தங்கியது. மாமாவின் மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு மச்சாள். விளையாட ஆள் கிடைத்தது என்று துள்ளிக் குதித்த எனக்கு நல்ல ஏமாற்றம். எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். வந்த நாளிலிருந்து ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. இவளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரே பிடிவாதம். வாத்தைக் கண்டால் சிரிக்காமல் எங்கே போகப்போகிறாள்?

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கசெற்றைப் போட்டேன். பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இரவு வேலை செய்த அப்பா மட்டும் அறைக்குள் நித்திரை. நான் கம்பளத்தில் கிடந்து வீட்டுக்கணக்குச் செய்கிற சாட்டில் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைரன் ஊதியது. மச்சாள் பாய்ந்து வந்து என் தலையைக் கம்பளத்தோடு அமத்தினாள். என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, குறுக்காக என் பற்களுக்கு நடுவில் வைத்தாள்.

"கடிச்சுக்கொண்டிரு. காது ரெண்டையும் பொத்து. இல்லாட்டி குண்டுச் சத்தத்துக்குக் காது வெடிச்சுப்போம்."

பென்சிலோடு வாயைத் திறக்க முடியாமல் நான் முனகினேன். அவள் எனக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து, ஒரு கையை என் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். டிவியில் வாத்தின் சட்டி இறுகுகிற சத்தம் கேட்டது, நான் பார்க்கவில்லை. பருந்து போய்ப் பாட்டு வந்த பிறகுதான் எழும்ப விட்டாள். டிவியைப் பார்த்து, "அதுகள் ஓடினது பிழை. படுத்திருக்க வேணும்," என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

விளையாட்டு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் புதுப் பென்சில் முழுக்கப் பல் தடம், வாய்க்குள் மஞ்சள் பெயின்ற். அதைவிடக் கோபம், விளையாட்டின் சட்டம் எனக்கு மட்டும் என்பது. அவளுடைய வாயில் ஒன்றுமே இருக்கவில்லை.

அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்ததுமே நான் வழக்கைத் தொடங்கினேன்.

"சைரன் ஊத என்னைப் படுக்க வச்சு, என்ர புதுப் பென்சிலைக் கடிக்க வச்சவள் அம்மா. தான் மட்டும் ஒண்டையும் கடிக்கேல்லை."

அம்மா ஒரு கையுறையைக் கழற்றியபடி அப்படியே நின்றார். பிறகு மச்சாளிடம், "நீ ஏனம்மா கடிக்கேல்லை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு பென்சில்தான் இருந்தது, மாமி."

பனி ஒட்டிய சப்பாத்தோடு கம்பளத்தில் கால் வைத்தால் எனக்கு அடி விழும். அம்மா அதே சப்பாத்தோடு, கோட்டையும் கழற்றாமல் கம்பளத்தில் போய் இருந்து, மச்சாளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் கடிபட்ட பென்சிலோடு வாசலில் நின்றேன். பென்சில் என்னுடையது. வாத்தைப் பார்க்காமல் விட்டதும் நான். கொஞ்சுவதோ அவளை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பென்சில் ஒன்றுதான் இருந்தது என்பது எனக்கும் தெரியும். அதில் அம்மா அழுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.