இரண்டு லிட்டர் மெத்தனால்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த விருத்தாசலத்துக்கு ஐம்பது வயதில் விமானப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் கோட்டக்குப்பம் ஜாபர் பாய். ஷார்ஜாவிலிருந்து ஊர் திரும்பியவர், கூடப் படித்தவனுக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ரிமோட்டில் பறக்கிற விமானம் ஒன்றை உதிரி உதிரியாகப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

தக்கை மாதிரி லேசான கட்டைகளை வெட்டிப் பசை போட்டு எலும்புக்கூட்டை நிறுத்தவே ஒரு வருடம் ஆனது. அதன் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் ஒட்ட வேண்டும். விருத்தாசலம் வைத்த இடமெல்லாம் சுருங்கியது. "தள்ளுங்க, நல்ல தாள பாழாக்கிக்கினு" என்று மனைவி சூர்யகலா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். தையல் வேலை செய்கிறவள். இறக்கை இரண்டிலும் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணை விட்டுவிட்டு விரலை நம்பித்தான் அவள் ஒட்டினாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. சர்க்கரை கண்ணுக்குள் இறங்கியிருந்தது. இடது கண்ணைப் புதுச்சேரி டாக்டர் கைவிட்டுவிட்டார். வலது கண் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்றார்.

"நான் ஒட்டுனது மேல போறத ஒருவாட்டி பாத்துட்டா போதுங்க. அப்பறம் போனா போவுது" என்றாள் சூர்யகலா.

விமானம் தயார். ஆனால் அந்தச் சின்ன இன்ஜின் பெட்ரோல் குடிக்காது. மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த மாவட்டங்களில் அதைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? லைசென்ஸ் வேண்டும்.

"வுடு விருத்து, நான் எங்கனா பொரட்டிக்கினு வர்றேன்" என்றார் ஜாபர் பாய்.

"வேணாம் பாய். நாலு பேரு வந்து போற கட வச்சிருக்கேன். போலீஸ் பேஜாரு நமக்கு ஆவாது. மொறயா மனு குடுத்து வாங்கறேன்."

முறையாம்! திங்கள்தோறும் கடையைச் சாத்திவிட்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினார்.

"இன்னாத்துக்கு மெத்தனாலு?"

"பிளேனுக்குங்க."

"யாரு பிளேனு?"

"என்னுதுதாங்க."

அறையே சிரித்தது. விமானத்தின் போட்டோ கேட்டார்கள், கொடுத்தார். ஊரில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், வாங்கி வந்தார். பெரிய ஆபீசர் லீவு என்றார்கள், திரும்பி வந்தார். யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. இங்கே அவர் கைகட்டி நிற்க, அங்கே சூர்யகலா ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு ஊசியையே தொடவில்லை.

மனு கொடுத்த பதினோராவது மாதம் ஜாபர் பாய் கேட்காமலே கடை மேசையில் ஒரு கேனை வைத்துவிட்டுப் போனார். இரண்டு லிட்டர். இந்த முறை விருத்தாசலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கே சரி என்றிருந்தால் அவள் பார்த்திருப்பாள்.

ஜாபர் பாயையும் வரச் சொல்லிவிட்டு, வற்றிய ஏரிக்கு மொபெட்டில் அவளை அழைத்துப் போனார். முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் அவளுக்கு நிழல் தெரியும், அவ்வளவுதான். இருந்தாலும் நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். அவர் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஜின் அலறியது. காய்ந்த சேற்றில் தடதடவென்று ஓடிய விமானம், ஜாபர் பாய் "யா அல்லா" என்று கத்த, எழும்பிவிட்டது.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு கலா!"

"எங்க? எந்தப் பக்கம்?"

விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, ரிமோட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்று பெட்டியில் வந்த காகிதம் படம் போட்டுச் சொல்லியிருந்தது. அவர் இரண்டையும் எடுத்தார். அவள் தாடையைப் பிடித்து, முகத்தைப் பனைமரங்களின் பக்கம் திருப்பிவிட்டார். "அதோ, அங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தபோது விமானம் வருகிறதா போகிறதா என்றே அவருக்குப் புரியவில்லை. ரிமோட் குச்சியை இடது பக்கம் தள்ளினார். அது வேறு பக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினார். ஏரிக்கு அப்பால் வேர்க்கடலைக் கொல்லையில் தலைகீழாகப் போய் விழுந்தது. ஜாபர் பாய் ஓடினார்.

"சத்தம் நின்னுபோச்சே. எறக்கிட்டீங்களா?"

"எறக்கிட்டேன்."

"நோவாம எறங்கிச்சா?"

"ம்."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் திருப்பிவிட்ட பக்கமே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து ஜாபர் பாய் மஞ்சள் துண்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. அங்கேயே நிற்கும்படி விருத்தாசலம் கையைக் காட்டினார்.

"ஜல்தியா எடுத்துக்கினு வரச் சொல்லுங்க" என்று இரண்டு கைகளையும் ஏந்தினாள் சூர்யகலா. "பாக்கத்தான் முடியல. ஒருவாட்டி தடவியாச்சும் பாத்துக்கறேன்."