கடி நின்று நோவு தொடங்கிய நாள்

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், புதன்கிழமை மாலை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் விடிந்தபோது கழுத்திலும் முழங்கை மடிப்புகளிலும் சின்னக் கொப்புளங்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் வந்துவிட்டது. குளித்த ஈரம் காயுமுன் கிறீம், பருத்தி உடுப்பு, ஒட்ட வெட்டிய நகம் என்று வெள்ளவத்தை ஃபிளாட்டில் எங்கள் நாட்கள் அவளுடைய தோலைச் சுற்றியே ஓடின. சொறிந்த இடம் சிவந்து கசிவது எங்களுக்குப் பழக்கம். இது வேறு.

புத்தாண்டுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து தங்கியிருந்த மனைவியின் அக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "அம்மாள் வந்திருக்கிறா."

அம்மை கண்ட வீட்டில் செய்வதெல்லாம் உடனே நடந்தது. வாசலில் வேப்பிலை, அறையில் தனிப் பாய். கிறீம் அலுமாரிக்குள் போனது. மருந்து கூடாது, வெளியே போகவும் கூடாது.

மாலையில் வலது இமை வீங்கியது. அதன் ஓரத்திலும் ஒரு கொப்புளம். மகளின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"கடிக்குதோ அம்மா?"

"இல்லை அப்பா. நோகுது."

எக்ஸிமாவோடு வாழ்ந்தவள் அரிக்கும் கடியையும் நோவையும் மாற்றிச் சொல்லமாட்டாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சு, முதுகு இரண்டும் சுத்தம். கொப்புளங்கள் எக்ஸிமா இருந்த இடங்களில் மட்டும், எல்லாம் ஒரே அளவில் இருந்தன. எக்ஸிமாத் தோலில் வைரஸ் பரவினால் கண்ணைக்கூடப் பறிக்கலாம் என்று எப்போதோ வாசித்தது நினைவுக்கு வந்தது.

"மச்சாள், இது அம்மாள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்," என்றேன் மனைவியின் அக்காவிடம்.

"அம்மாள் வந்த பிள்ளையை ஆரும் படி தாண்ட விடுறவையே? நீங்கள் வாசிச்சு வாசிச்சே உலகத்து நோய் வருத்தமெல்லாத்தையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறியள்."

"அம்மாள் எண்டால் நெஞ்சில எல்லோ முதல் வரும்?"

"அவ எங்க வரவேணுமெண்டு நீங்களோ சொல்லுறது?"

மனைவி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இவள் கண்ணைத் திறக்கிறாள் இல்லை," என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கினாள். மச்சாள் வழி விட்டார். எங்களோடு வரவில்லை.

காலி வீதி நெரிசலில் ஓட்டோ நகரவே இல்லை. மகள் முனகுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண். பார்த்தவுடன் கேட்டார்: "வீட்டில ஆருக்கும் அண்மையில சொண்டில கொப்புளம் வந்ததோ?"

மனைவி தன் உதட்டைத் தொட்டாள். "எனக்கு. போன கிழமை."

"அந்த வைரஸ்தான் பிள்ளையின்ர எக்ஸிமாத் தோலில பரவியிருக்கு. உங்களில பிழை இல்லை, பிள்ளையைக் கொஞ்சாமல் ஆர் இருக்கிறது? இண்டைக்கே மருந்து ஏத்தவேணும். முதல் கண்ணைப் பாப்பம்."

கண்ணில் சாயத் துளி விட்டு, நீல விளக்கைப் பிடித்துக் குனிந்தார். நிமிர்ந்தவர் மறுபடியும் குனிந்தார்.

"கருவிழியில இறங்கேல்லை. இமையோட நிக்குது. நாளைக்கும் பாக்கவேணும்."

ஆஸ்பத்திரி வாட்டில் மருந்து ஏறத் தொடங்கிய பிறகு மனைவி அக்காவுக்குப் போன் எடுத்தாள். "கண்ணுக்கு இப்ப ஒண்டும் இல்லை, அக்கா."

மறுபக்கத்தில் மச்சாளின் குரல் எனக்கும் கேட்டது.

"எந்த வாட்டு?"