மூன்று மணிக்கு மேல் வந்த வீரம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு முத்திரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. படைப் பதக்கப் பிரிவின் வரவு மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்து, வருகிற தாளுக்கெல்லாம் தேதி குத்தியவர். எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தடித்த நீல அட்டை போட்ட புத்தகம், அவர் தலைக்கு மேல் அலமாரியில் இருக்கும். வீரம் என்றால் என்ன என்று அதில் ஒன்றரை வரி. மீதிப் பக்கம் முழுக்க, அந்த வீரத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான். சம்பவத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் எங்கள் மேசைக்கு வந்து சேர வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். பார்த்த இரண்டு பேரும் உயிரோடு திரும்பியிருக்க வேண்டுமே என்று சட்டம் எழுதிய புண்ணியவான் யோசிக்கவே இல்லை.

முத்திரைக்கு அந்தப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். ஒற்றைக் காலை இழந்தவர் ஊன்றுகோலோடு வந்து நிற்பார். இவர் தாளைப் புரட்டிவிட்டு, "ஒரு சாட்சிதான் இருக்குங்க" என்பார். இன்னொரு ஆளும் பார்த்தார், அவர் செத்துப்போய்விட்டார் என்று வந்தவர் சொல்வார். "அப்ப ஒண்ணுதான்" என்பார் இவர். கோபமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. அந்த மனிதரிடம் ஒரு சலுகை வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி என்று நாங்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வோம். அதிகம் பேசியது நான்தான்.

சட்டத்தில் இல்லாத ஒரு வழக்கமும் அவரிடம் இருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று அடித்ததும் முத்திரைக் கட்டையின் சக்கரத்தைத் திருப்பி, அடுத்த வேலை நாளின் தேதியை வைத்துவிடுவார். மூன்றுக்கு மேல் வருகிறதெல்லாம் நாளைக் கணக்கு. எப்போதோ இருந்த ஒரு தலைவர், சாயங்காலம் பதிவேட்டைச் சீக்கிரம் மூட வேண்டும் என்பதற்காகச் சொல்லிவைத்தது. அந்தத் தலைவர் போய், அவருக்குப் பின் நாலு பேர் வந்துபோனார்கள். சக்கரம் மட்டும் மூன்று மணிக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. தையல் கடை வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே மகன். தகப்பன் இல்லாத அந்தப் பையனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, கணக்கில் தவறியபோது மண்டையில் குட்டியது, படையில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்த அன்று ரயில் ஏற்றிவிட்டது எல்லாமே தாய்மாமன்தான். அலுவலகத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது, மருமகன் கடிதம் வந்த நாட்களில் மட்டும்.

பையன் இறந்தது முகாமில். வெடிகுண்டு ஏற்றிய லாரியில் தீப்பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே காயம்பட்டவர்கள் படுத்திருந்த கூடாரம். எல்லாரும் ஓட, இவன் ஏறி உட்கார்ந்து எரிகிற லாரியை ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டிப் போனான். அங்கே வெடித்தது. முகாம் அலுவலகக் குறிப்பில் எழுதியது ஒரே வரி: வாகனத் தீ விபத்து, ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' தெருவுக்கு வந்து சேர்வதற்குள், பையன் லாரிக்குள் சிகரெட் பிடித்துத் தானும் செத்து லாரியையும் கெடுத்தான் என்று ஆகிவிட்டது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களே அவள் காதுபடப் பேசினார்கள்.

அவளுக்குப் பதக்கத்தை வைத்துக்கொண்டு ஆவது ஒன்றும் இல்லை. ஆனால் பதக்கத்தோடு ஒரு தாள் வரும், என்ன செய்ததற்காகக் கொடுத்தோம் என்று. அந்தத் தாளைக் கடையில் மாட்டிவிட்டால் தெருவின் வாய் அடைபடும். அதற்காக மூன்று வருடம் அலைந்தாள். கூடாரத்தில் படுத்திருந்த ஒருவனைத் தூரத்து நகரத்தில் பெட்ரோல் பங்கில் கண்டுபிடித்தாள். இன்னொருவனுக்கு ஒரு கண் போயிருந்தது. மீதிக் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதிகாரி வீட்டு வாசலில் எத்தனை நாள் நின்றாள் என்று அவளுக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத மூன்று பேர் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று வருடக் கெடுவின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் கெட்டு, வாசலில் சோதனை முடிந்து, அவள் எங்கள் மேசைக்கு வந்தபோது மணி மூன்று இருபது. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன்.

"எல்லாம் இருக்குண்ணா. ரெண்டு சாட்சியும் இருக்கு," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மருமகன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கட்டையை எடுத்துக் குத்தினார். இத்தனை வருடப் பழக்கம்; கை தானாகப் போனது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவர் தாளைத் தட்டில் போடப் போனவர் நின்றார். திங்கட்கிழமைத் தேதி. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அப்போதே திருத்தியிருக்கலாம். குத்தியவரும், வந்ததைக் கண்ணால் பார்த்த இன்னொருவரும் கையெழுத்துப் போட்டால் தேதியை மாற்றலாம் என்று அதே நீலப் புத்தகத்தில் இருக்கிறது. குத்தியவர் பணியில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தங்கைக்கு என்றதும் முத்திரை வளைந்துவிட்டது என்று நாலு பேர் சொல்வார்களே என்று பயந்தார். அந்த நாலு பேரில் நானும் உண்டு என்று அவருக்குத் தெரியும். தாளைத் தட்டில் போட்டார்.

மூன்றாவது வாரம் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். காலக்கெடு கடந்து பெறப்பட்டதால் விண்ணப்பத்தை ஏற்க இயலாது. அதை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"நான் வெள்ளிக்கிழமைதானே வந்தேன், அண்ணா?"

"மூணு மணிக்கு மேல வந்ததும்மா. முத்திரை திங்கள்னு இருக்கு."

அவள் என்னையும் திரும்பிப் பார்த்தாள். நான் தட்டச்சுப் பொறியில் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். முத்திரை ஒன்றே ஆதாரம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நாலு வருடம் அண்ணனோடு அவள் பேசவில்லை.

அவர் ஓய்வு பெறும்போது அலுவலகம் அவருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தது. முப்பது வருடக் களங்கமற்ற பணி. எங்களைப் போன்ற மேசைக்காரர்களுக்கென்று சட்டத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டம். ஒரு தேதிகூடத் தவறாதவர் என்று தலைவர் பேசினார். பதக்கத்தைக் குடும்பத்தில் ஒருவர் குத்திவிட வேண்டும் என்பது முறை. அவருக்கு இருந்த குடும்பம் ஒன்றுதான். அவள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்.

தையல்காரி விரல்; ஊசி ஒரே தடவையில் சட்டையில் ஏறியது. பதக்கத்தை நேராக்கிவிட்டு, கூட்டத்துக்குக் கேட்காத மாதிரி அவரிடம் சொன்னாள்.

"மணி நாலு ஆச்சு, அண்ணா. இது இன்னிக்குக் குடுத்ததா, நாளைக்குக் குடுத்ததா?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

மறுநாள், அவருடைய கடைசி நாள், காலையில் நான் உட்காருவதற்கு முன்பே என் மேசையருகே நின்றார். கையில் தேதி திருத்தும் படிவம். குத்தியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பழக்கத்தால் தவறாகக் குத்திவிட்டேன், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கீழே எழுதியிருந்தார்.

"டைப்பிஸ்டம்மா, அன்னிக்கு நீங்க பாத்தீங்கல்ல?"

"எதை அண்ணே?"

"தங்கச்சி வந்ததை. வெள்ளிக்கிழமை."

படிவத்தில் இரண்டாவது கோடு காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டால், தெரிந்தே அந்தக் கடிதத்தை ஏன் தட்டச்சு செய்தாய், நாலு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அது என் பணிக் குறிப்பில் ஏறும். எனக்கு இன்னும் சில வருடம் இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லையே, அண்ணே," என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. "சரிம்மா," என்றார். தன் மேசைக்குப் போய், படிவத்தில் அன்றைய தேதியைக் குத்தித் தட்டில் போட்டார். அன்று மூன்று மணி அடித்தபோது சக்கரத்தைத் திருப்பவில்லை. கட்டையை மேசையில் வைத்துவிட்டு, ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

படிவம் சுற்றிச் சுற்றி அடுத்த வாரம் என்னிடமே வந்தது, பதில் தட்டச்சு செய்ய. இரண்டாவது சாட்சி இல்லாததால் ஏற்க இயலாது. பிழை எதுவும் இல்லாமல் அடித்தேன். உறையில் தையல் கடையின் விலாசத்தையும் நானே அடித்தேன்.

வருகிற வருடம் எனக்கும் முப்பது முடிகிறது. அந்தப் பதக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை, சாட்சியும் வேண்டாம். தானாக வந்துவிடும்.