கதவைப் பார்த்து உட்கார்ந்தவர்

இன்று பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில், இலங்கைத் தமிழரான நாதன் அண்ணை கடைக்குப் புளி வாங்கப் போனேன். அங்கே ஒரு பிரெஞ்சு மூதாட்டி பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு வரும் என்பதால் அண்ணை என்னைப் பேசச் சொன்னார்.

அந்த அம்மாவின் அப்பா அயர்லாந்திலிருந்து வந்து, இந்தக் கட்டடத்தின் மாடியில் குடியிருந்தவராம். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தாரா என்று மகளுக்குத் தெரியவில்லை. சாகும்வரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆவணக் காப்பகத்திலும் அவர் பெயரில் ஒரு தாளும் இல்லை.

"எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒருநாளும் கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். ஜூலை பதினான்கு, தேசிய நாள் வாணவேடிக்கையன்று எங்களை ஜன்னல் பக்கமே விடமாட்டார்."

அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவர் சண்டையில நிண்ட ஆள்தான். சொல்லுங்கோ தங்கச்சி."

"உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?"

"நானும் இஞ்சை சுவரோட சாய்ஞ்சு, வாசலைப் பாத்துத்தானே இருக்கிறன்."

அவர் முதலில் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா படத்தைத் தடவிக்கொண்டே அழுதார்.

எண்பத்தேழாம் ஆண்டில் அண்ணையின் அகதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். ஊரில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, அவர் சொன்னபடியே 'மாணவன்' என்று எழுதினேன்.

அவருடைய பிள்ளைகள் ஒருநாள் காப்பகத்தில் தேடினால், என் கையெழுத்தில் உள்ள அந்த 'மாணவன்'தான் கிடைக்கும்.

நீங்களாக இருந்தால், அவர் இரண்டாவதாகச் சொன்னதையும் மொழிபெயர்த்திருப்பீர்களா?