மோந்து பார்த்துச் சொல்லு

பால் பாட்டிலின் மூடியைத் திருகி என் மூக்குக்கடியில் நீட்டுகிறாள் தோரா. குசலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "மோந்து பாத்துச் சொல்லு." நன்றாகத்தான் இருக்கிறது என்கிறேன். பாட்டில் போய், கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த சட்டை வருகிறது. துவைக்கலாம் என்கிறேன். பதில் கிடைத்த கையோடு கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டில் அவள் கதவு காற்றில் அடித்துச் சாத்தும். உடனே மறுபடி திறக்கும். நேற்று வைத்த மீன் ஞாபகம் வந்திருக்கும், தட்டோடு வருவாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து தோராவின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. உடம்பு தேறியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. கணவர் மீன்பிடிக் கப்பலில் இருப்பவர், கரைக்கு வந்தால் தூங்குவார். அதனால் ரொம்ப நாள் இந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்ப்பவள் என்பதால் என் மூக்கை நம்பலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ஆர்க்னித் தீவில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் விஸ்கி வடிசாலை. தோராவுக்கு அங்கே களத்து வேலை. ஊறவைத்த பார்லியைப் பரப்பி, மரமண்வெட்டியால் புரட்டிப் புரட்டி முளைக்கவிட வேண்டும். முளைத்ததைச் சூளையில் ஏற்றி பீட் புகை காட்ட வேண்டும். பீட் என்பது சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. அந்தப் புகை ஏறிய முளைப்பார்லியில், அதாவது மால்ட்டில்தான் எங்கள் ஊர் விஸ்கியின் ருசியே இருக்கிறது. புகை காட்டாத மால்ட்டும் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கும். நாளெல்லாம் மண்வெட்டி வீசிவிட்டு வந்தும் தோராவுக்கு உட்காரத் தெரியாது. டீயை நடந்துகொண்டே குடிப்பாள். என் வீட்டு நாற்காலி எதிலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட வாசலுக்கும் ஜன்னலுக்குமாக உலாத்துவாள்.

தீவில் பாதி வீடுகளில் பீர் ஊறல் உண்டு. மற்றவர்கள் கடையில் விற்கும் டப்பா மால்ட் சாற்றைக் கரைத்துப் போடுவார்கள். தோரா மட்டும் வடிசாலையில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் மூட்டை மிச்சத்தை எடுத்துவந்து, விஸ்கிக்கென்று பிறந்த மால்ட்டில் பீர் போடுவாள். அந்த மால்ட் எளிதில் படியாது. அவசரக்குடுக்கை. இருக்கிற இனிப்பையெல்லாம் சாராயமாக்கித் தள்ளிவிட்டுத்தான் ஓயும், பீர் சப்பென்று தண்ணீராய் ஓடும். "என்ன மாதிரியே அதுவும். எதையும் மிச்சம் வைக்காது" என்பாள். அதை அடக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. கொதித்த நீர் ஆறி, ஆவி விலகி, அதில் தன் முகம் தெரிந்ததும் மால்ட்டைக் கொட்டுவது பழைய முறை. தோரா முகம் தெரிவதற்குச் சற்று முன்பே கொட்டிவிடுவாள். சூடு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மால்ட்டின் வேகம் தணிந்து இனிப்பு கொஞ்சம் தங்கும். காய்ச்சலுக்கு முன்னால் அவள் பீருக்குத் தெருவே காத்துக்கிடக்கும்.

காய்ச்சலுக்குப் பின் அவள் மூக்குக்கு எட்டியது பீட் புகை ஒன்றுதான். அதுவும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் லேசாக. அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஊறலில் ஒரு கைப்பிடி புகை மால்ட் போட்டாள். அடுத்த தடவை ஒரு சட்டி. அப்புறம் அரை மூட்டை. இந்த வருஷம் முழுக்க முழுக்கப் புகை மால்ட்டிலேயே போட்டுவிட்டு, "இப்பத்தான் பீரு பீரா இருக்கு" என்று தெருவுக்கே விநியோகம் செய்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு "மோசமில்ல" என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. அதற்குக் கீழே சொல்லவும் அவர்களிடம் வார்த்தை கிடையாது. எல்லோரும் வாங்கி, மோசமில்லை என்று சொல்லி, கொல்லையில் ஊற்றினார்கள். எதிர்வீட்டு எர்லெண்ட் மட்டும் என்னிடம் வந்து புலம்பினான். "எரிஞ்சுபோன வீட்ட நக்குன மாதிரி இருக்கு. ஆனா அவகிட்ட யாரு போய்ச் சொல்றது? கையில மண்வெட்டி வச்சிருக்கா."

சொன்னது மகள் இங்காதான். அபர்டீன் நகரத்தில் வேலை பார்க்கிறவள், கல்யாண ஏற்பாட்டுக்காக வந்திருந்தாள். நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வந்தாள். மோந்து பார்க்க ஆளில்லாத பாலில் தோரா மகளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டாள். இங்கா ஒரு வாய் குடித்துத் துப்பினாள். அதே டீயைத் தோரா பாதி குடித்து முடித்திருந்தாள். மகள் எழுந்து காப்பித்தூளை அம்மாவின் மூக்குக்கடியில் நீட்டினாளாம். பிறகு வெங்காயம், சோப்பு. கடைசியில் குனிந்து தன் தலையை நீட்டினாள். அதுவரை ஏதேதோ சமாளித்துக்கொண்டிருந்த தோரா, பீட் புகை தவிர எதுவும் எட்டவில்லை என்று அங்கே உடைந்து அழுதுவிட்டாள். இதை என்னிடம் சொல்லும்போதும் அறைக்குள் நடந்துகொண்டேதான் சொன்னாள்.

அதற்காகக் கல்யாணம் நிற்குமா? கல்யாணத்தன்று கையில் தூக்குகிற அளவு மரத்தொட்டி ஒன்று கைமாறிக் கைமாறி எல்லார் வாய்க்கும் போவது எங்கள் தீவு வழக்கம். உள்ளே சூடான பீர், மிளகு, பழுப்புச் சர்க்கரை. தோரா வீட்டு முறைப்படி ரம்மும் பிராந்தியும் சேரும், விஸ்கி சேராது. ஊறல் பெண்ணைப் பெற்றவளுடையதாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் மாறாத முறை. இங்கா புகைப் பீரை ருசி பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவே ஊறல் போடட்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னொருத்தி ஊறலா? அதுக்கு நான் கடல்ல விழுவேன்" என்றாள் தோரா. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. தோராவே போடலாம், ஆனால் புகை மால்ட் ஒரு மணிகூட விழக்கூடாது. மகள் தலை மறைந்ததும் என்னிடம் வந்தாள். "புகை இல்லாட்டி எனக்கு அது வெறும் வெந்நீர்டி. என் பொண்ணு கல்யாணத்துல நான் வெந்நீர் குடிக்கப்போறேன். குடிச்சிட்டுப் போறேன், அவ நல்லா இருந்தா சரி."

ஊறல் கிடந்த நாட்களில் என் உயிரை வாங்கிவிட்டாள். மூடியைத் திறக்காதே, கெட்டுப்போகும் என்றால் கேட்கமாட்டாள். திறப்பாள், என்னைக் கூப்பிடுவாள், மூடுவாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து திறப்பாள். ரொட்டி வாசம் என்பேன். சுட்ட ரொட்டியா, மாவா என்று கேட்பாள். மாவு என்பேன். "பச்சை மாவா, புளிச்ச மாவா? சரியாச் சொல்லு, எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குச் சலித்துக்கொள்ள வாய் வரவில்லை. முழங்காலிட்டு, கண்ணை மூடி, ஒழுங்காக மோந்து பார்த்தேன். புளிக்கவில்லை.

கல்யாணக் காலையில் மரத்தொட்டியை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். வைத்த இடத்தில் தொட்டி இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கொட்டகைக்குப் பின்னால், தலையில் முடி சுருட்டுகிற உருளைகளும் மேலே அப்பாவின் மழைக்கோட்டுமாகக் குந்தியிருந்தாள் கல்யாணப்பெண். முன்னால் இரண்டு கல்லின்மேல் காலித்தொட்டி கவிழ்ந்திருந்தது. அதற்கடியில் பீட் கட்டி ஒன்று கனன்று, புகை முழுவதும் மரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு பொட்டுப் புகை கூடாது என்றவள் நீதானே என்றேன்.

"பீருலதான் கூடாதுன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. புகை அவளுக்கு எட்டலேன்னா ஏமாந்துபோயிடுவா."

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் பிடில் சத்தம் காதைப் பிளந்தது. ஆவி பறக்க வந்த தொட்டியில் பெண் முதலில் குடித்தாள், பிறகு மாப்பிள்ளை. அங்கிருந்து வலமாகச் சுற்ற ஆரம்பித்தது. அது யார் கையிலும் நிற்கக்கூடாது, ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். எர்லெண்ட் பயந்து பயந்து உதட்டை வைத்தான், மோசமில்லை என்றான், திருட்டுத்தனமாக இன்னொரு வாய் குடித்தான். என்னிடம் வந்தபோது பீர் சுத்தமாக இருந்தது. மாவும் மிளகும் ரம்மும்தான். விளிம்பில், மரத்தோடு மரமாக, புகை.

தோராவிடம் கொடுத்தேன். கடமைக்கு வாங்கினாள். கண் வேறெங்கோ இருந்தது, கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். காலும் நின்றது. அடுத்தாற்போல் நின்ற சம்பந்தியம்மா இரண்டு கையையும் நீட்டிக் காத்திருந்தாள். மேடையிலிருந்து இங்கா பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் இப்போது என் பக்கம் நீட்டுவாள் என்று நான் பழக்கதோஷத்தில் மூக்கைக் கொண்டுபோனேன்.

தோரா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அதற்குள் கவிழ்த்து, உட்கார்ந்துவிட்டாள்.