தொட்டில் பாலத்தின் பெயர்

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். திருவண்ணாமலைக் கல்லூரியில் வரலாற்று வகுப்பிலும் நான்தான் முதல். எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் பழைய ரயில் பாலத்துக்குத் தொட்டில் பாலம் என்ற பெயர் எப்படி வந்தது என்று பேராசிரியர் ஆராயச் சொன்னபோது, கூடப் படிக்கும் சங்கீதாவிடம் தோற்பேன் என்று நினைக்கவே இல்லை.

வேங்கிக்காலில் உள்ள அரசு அலுவலகங்களில் ஒரு மாதம் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வளைவுகள் தொட்டில் போல இருப்பதால் வந்த பெயர் என்று நானாக எழுதிக் கொடுத்தேன்.

பாலம் கட்ட மண் சுமந்த பெண்கள் வளைவுக்கு அடியில் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டியதால் வந்த பெயர் என்று சங்கீதா வாசித்தாள். வகுப்பே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

"யாருடி சொன்னது?" என்றேன்.

"அங்க நடவு நட்டுட்டிருந்த அஞ்சலைனு ஒரு அம்மா. சூப்பரா பேசுறாங்கடி."

அஞ்சலை என் அம்மா. அம்மா கூலிக்குப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தேன். "எவளோ ஒருத்திகிட்ட சொன்னியே, எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அந்தப் பொண்ணு வரப்புல உக்காந்து கேட்டுச்சு, சொன்னேன். நீ எங்க கேட்ட? உன்னையே அங்கதான் தொட்டில் கட்டிப் போட்டுட்டு நட்டேன்."

மறுநாள் சங்கீதாவிடம், "அஞ்சலை எங்கம்மாதான்" என்றேன். பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. அவள் கட்டுரையில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது. என் கட்டுரையில் இல்லை.