சட்டைப்பையில் ஓர் அமினோ அமிலம்

வாசகரே, இங்கே நீங்கள் நடுவர் அல்லர்; சாட்சி. தீர்ப்பை நானே எழுதிக்கொள்கிறேன். நான் எங்கேனும் மழுப்பினால் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் பினாங்கில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவ மாணவன். பள்ளியின் தமிழ்ச் சொற்போர் அணிக்குத் தலைவன். அணிக்கு நான் விதித்த சட்டம் ஒன்றே: மேடையில் எவர் கையிலும் குறிப்பு இருக்கக் கூடாது. குறிப்பைப் பார்ப்பவன் பேச்சாளன் அல்லன், வெறும் வாசிப்பாளன் என்று முழங்குவேன். மற்றப் பள்ளிகள் அட்டைகளோடு வந்தன; நாங்கள் வெறுங்கையோடு ஏறினோம். அதில் எனக்கிருந்த செருக்கு கொஞ்சமன்று.

ஆனால், ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாளே படபடப்பில் எனக்குச் சோறு இறங்காது. இதை அறிந்தவர் என் அக்கா ஒருவரே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு பகலென முறை மாற்றி வேலை செய்த அவர், பகலில் உறங்குவதற்காக மருந்துக்கடையில் டிரிப்டோபேன் என்றொரு மாத்திரை வாங்கி வைத்திருந்தார்.

“தூக்க மாத்திரையா அக்கா?”

“இல்லலா. பாலு, முட்டையில எல்லாம் இருக்குற அமினோ அமிலமாம். மனசு கொஞ்சம் அடங்கும்னு கடைக்காரரு சொன்னாரு. ஒன்னுதான் தம்பி, உன் இஷ்டத்துக்கு அள்ளிப் போடாத.”

முதல் சுற்றுக்கு முன் ஒன்று விழுங்கினேன். படபடப்பு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு வானொலி போலச் சற்றுத் தள்ளிப் போய் ஒலித்தது. அது மாத்திரையின் வேலையா, மாத்திரை இருக்கிறது என்ற தெம்பின் வேலையா என்பதை இன்றும் என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. எப்படியாயினும், அது இல்லாமல் நான் அதன்பின் மேடை ஏறவில்லை. எவரிடமும் சொல்லவுமில்லை.

இறுதிச் சுற்று. ‘தொழிற்சாலைகளால் பினாங்கு வளர்ந்ததா, தளர்ந்ததா’ என்பது தலைப்பு. மண்டபத்தின் பின்புறக் குழாயடியில் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். எங்கள் இரண்டாம் பேச்சாளன், என் வகுப்புத் தோழன், சிறிய அட்டையொன்றைப் பிடித்தபடி நின்றான்.

“டேய், இது மட்டும்டா. நாலே வரிதான்லா. பாக்க மாட்டேன், சும்மா கையில இருக்கட்டும்.”

“பயமா?”

“பயந்தான். நீ என்ன பெரிய சிங்கமா?”

“சிங்கமோ பூனையோ, அட்டையோட ஏறுறவன் நம்ம அணி இல்ல.”

அட்டையைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டேன். மாத்திரைப் பொட்டலம் விரலில் பட்டது. அட்டையை அதன் மேலேயே திணித்தேன்.

அவன் ஏறினான். அவை வணக்கம் சொன்னான். முதல் வாதத்தை அழகாக நிறுவினான். இரண்டாவதன் நடுவில் பேச்சு நின்றுபோனது. வலக்கை விரல்கள் இல்லாத அட்டையைத் தேடுவதுபோல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. மணி அடிக்கும்வரை அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றோம்.

அவன் வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். ஃபெரிப் படகு ஏறுமிடம்வரை இருவரும் நடந்தோம். வரிசையில் நின்றபோது அவன்தான் தொடங்கினான்.

“மன்னிச்சிருடா. என்னாலதான் போச்சு.”

சட்டைப்பையில் கைவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் விழுங்கியதைச் சொன்னேன். அவன் மாத்திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

“அடப்பாவி! உனக்கு மாத்திரை ஆகும், எனக்கு அட்டை ஆகாதா?”

மேடைக்கென்று பழக்கிய என் குரல், வரிசையில் நின்றோர் திரும்பிப் பார்க்குமளவுக்கு எழுந்தது:

“அடுத்த போட்டிக்கு நீ அட்டையோட ஏறு. எவனாவது சிரிச்சா, தலைவனே பயத்துக்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் ஏறுறான்னு மைக்குல நானே சொல்றேன். இது சத்தியம்டா!”